குடிக்காத தண்ணீரின் மேகம்

எங்கள் தாலுகாவில் மழை பொய்த்து, கண்மாய்க்குள் ஆடு மேய்ந்து, சீமைக் கருவேலம்கூட இலையைச் சுருட்டிக்கொண்ட வருஷத்தில், வானத்தில் எங்கும் இல்லாத மேகம் ஒரே ஒரு இடத்தில் மட்டும் கட்டியது. அந்த இடம் நாலுவழிச் சாலையை ஒட்டியிருக்கும் ஒரு நூற்பாலையின் தகரக் கூரைக்கு உள்பக்கம். ஆலையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பயத்தால் அல்ல. தங்கள் பெயரை விளம்பரப்படுத்த அவர்கள் ஏராளமாகச் செலவு செய்கிறார்கள். அந்த வேலையை நான் எதற்கு இலவசமாகச் செய்ய வேண்டும்?

அந்த ஆலையின் ரிங் ஃப்ரேம் ஷெட்டில், நூற்கும் கதிர்கள் சுற்றிக்கொண்டேயிருக்கும் நீள நீளமான மிஷின்களுக்கு நடுவே நடந்து நடந்து, அறுந்த இழையை ஒட்டுகிற வேலை பெண்களுக்கு. அவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு டோக்கன் இருந்தது. சிவப்புப் பெயிண்ட் அடித்த மரக்கட்டை அது, கயிறு கோத்து சூப்பர்வைசர் குழந்தைவேலுவின் மேசைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். ஒண்ணுக்குப் போக வேண்டியவள் அதைக் கேட்டு வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். அவள் திரும்பி வந்து ஆணியில் மாட்டுகிறவரை அடுத்தவள் காலைப் பின்னிக்கொண்டு நிற்க வேண்டும். டோக்கன் கேட்டால் குழந்தைவேலு முதலில் கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகு கேட்டவளைப் பார்ப்பார், பிறகு மிஷின் சத்தத்தையும் மீறி ஷெட் முழுக்கக் கேட்கும்படி, "இப்பத்தானம்மா போயிட்டு வந்த? ஓட்டைப் பானையா நீ?" என்பார். ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது என்று சொல்லிவைத்த நம் முன்னோர்கள் நிர்வாகவியல் படிக்காதவர்கள். படித்தவர்கள் வந்து இரண்டையும் அடக்கக் கற்றுக் கொடுத்தார்கள். அதற்கு உற்பத்தித்திறன் என்று பெயரும் வைத்தார்கள்.

கேட்டு அவமானப்படுவதற்குக் கேட்காமலே இருப்பது மேல் என்று பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார்கள். காலையில் ஆலை வேனில் ஏறும் முன்னால் ஒரு வாய், சோறு விக்கினால் ஒரு வாய், அவ்வளவுதான். ஷெட்டின் மூலையில் தண்ணீர் டிரம் ஒன்று இருந்தது. அதன்மேல் 'உங்கள் ஆரோக்கியமே எங்கள் அக்கறை' என்று எழுதியிருந்தது. உள்ளே பஞ்சு மிதந்தது. குடிக்காத தண்ணீரெல்லாம் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. குடித்த தண்ணீருக்கு விளக்கம் கேட்கிற ஆலையில் குடிக்காத தண்ணீரைப் பற்றி விசாரிக்க யாருக்கு நேரம்?

அது மேலே போனது.

முதலில் பார்த்தவள் ரெஜினா. "ஏய் தவமணி, மேல பாருடி. சாம்பிராணி போட்ட மாதிரி இருக்கு" என்றாள். பக்கத்து மிஷினில் இருந்த தவமணி அறுந்த இழையை ஒட்டி முடிக்காமல் தலையைத் தூக்குகிறவள் அல்ல; ஒட்டிவிட்டுத்தான் பார்த்தாள். "பஞ்சு பறக்குது, இதைப் போயி அதிசயமாக் காட்டுற" என்றாள். "பஞ்சு இடி இடிக்குமாடி?" என்று ரெஜினா கேட்டு வாயை மூடவில்லை, மேலே அது இடித்தது, பெரிய இடி அல்ல, பசித்த வயிறு உருட்டுகிற அளவுக்கான இடி. அதைத் தொடர்ந்து பன்னீர் தெளித்த மாதிரி ஒரு தூறல் விழுந்தது. நியாயமான மேகம் அது. முதல் துளியைக் குழந்தைவேலுவின் வழுக்கையில் போட்டது.

பெண்கள் அண்ணாந்து கைகூப்பினார்கள், ஆணி அடித்தாற்போல் நின்றார்கள் என்றெல்லாம் எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நின்றால் இழை அறும், அறுந்தால் மெமோ வரும் என்பதால் எல்லோரும் நனைந்துகொண்டே வேலை பார்த்தார்கள். குழந்தைவேலு குழாய் ஒழுகுகிறது என்று மராமத்துக்குச் சொல்லியனுப்பினார். மராமத்து ஆள் ஏணி வைத்து ஏறி, மேகத்துக்குள் இடுப்புவரை நுழைந்து, கொஞ்ச நேரம் துழாவிவிட்டு இறங்கி, தலையைத் துவட்டிக்கொண்டு, "குழாய் இல்ல சார். நிசமான மேகம்தான். லேசா உப்புக் கரிக்குது" என்றான். "சரி, எழுதிக் குடுத்துட்டுப் போ" என்றார் குழந்தைவேலு. அந்த ஆலையில் எழுதிக் கொடுத்துவிட்டால் எதுவும் நடக்கலாம்.

அடுத்து வந்தவர்கள் பலர். முதலாளியின் வீட்டுக் குருக்கள் வந்து, பகவான் இறங்கி வந்திருக்கிறார், செருப்போடு யாரும் ஷெட்டுக்குள் போகக் கூடாது என்றார். பாதுகாப்பு அதிகாரி, செருப்பில்லாமல் யாரும் ஷெட்டுக்குள் போகக் கூடாது என்றார். முதலாளி இரண்டு பேரின் அறிவிப்பையும் ஒரே பலகையில் ஒட்டச் சொன்னார். தொழிலகங்களை ஆய்வு செய்கிற அதிகாரி குடையோடு வந்து, சட்டத்தில் கூரைக்குமேல் மழை பெய்வது பற்றித்தான் இருக்கிறது, கூரைக்குக் கீழே பெய்வது பற்றி ஒன்றுமில்லை, ஆகவே விதிமீறல் ஏதுமில்லை என்று கண்டறிந்து, குடையை மறந்து வைத்துவிட்டு, குடைக்குள் ஏதோ வைக்கப்பட்டபின் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார். சுற்றுவட்டாரத்து விவசாயிகள் சன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, கூரையைக் கழற்றி அந்த மேகத்தைக் கண்மாய்ப் பக்கம் ஓட்டிவிடும்படி மனுக் கொடுத்தார்கள். அது தனியார் மேகம் என்று பதில் வந்தது.

அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு காரணம் இருந்தது. நூல் அறாமல் ஓட ஷெட்டுக்குள் காற்று ஈரமாக இருக்க வேண்டும். அதற்கென்றே ஒரு பெரிய ஈரப்பத மிஷின் கரண்டைக் குடித்துக்கொண்டு ஓடியது. மேகம் வந்த பிறகு அதை நிறுத்திப் பார்த்தார்கள். நூல் முன்னைவிட நன்றாக ஓடியது. இழை அறவில்லை, பஞ்சு பறக்கவில்லை, நூல் பட்டுப்போல வந்தது. முதலாளி ஒரு வாரம் கண்ணை மூடி யோசித்து, கடவுள் தனக்குக் கொடுத்ததை மனிதன் விலைகொடுத்து வைத்திருப்பது பாவம் என்று முடிவுக்கு வந்து, ஈரப்பத மிஷினைக் கழற்றி மருமகனின் ஆலைக்கு விற்றுவிட்டார்.

மேகம் எதனால் ஆனது என்று கண்டுபிடித்தது மனிதவளத் துறை சஞ்சனா. பெங்களூரில் படித்த பெண். தொழிலாளர் நல்வாழ்வு அவள் பொறுப்பு. எந்தப் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்களோ அவர்கள் தலைக்கு மேலே மேகம் அடர்த்தியாக இருப்பதை அவள் கவனித்தாள். கவனித்ததும், ஐயோ இவர்கள் தண்ணீர் குடிப்பதில்லையா என்று பதறியிருப்பாள் என்று நினைப்பவர்கள் வேலைக்குப் போகாதவர்கள். அவள் ஒரு திட்டம் தயாரித்தாள். 'துளித் தியாகம், பெரும் மேகம்' என்று சுவரெங்கும் சுவரொட்டி ஒட்டினார்கள். மாதத்தில் எவள் டோக்கனை மிகக் குறைவாகத் தொடுகிறாளோ அவளுக்குத் 'தாகம் வென்ற தாரகை' என்று பட்டம், கேன்டீன் சுவரில் போட்டோ, பரிசாக ஒரு ஸ்டீல் தண்ணீர் பாட்டில். பக்கத்து ஆலை முதலாளிகள் வந்து பார்த்துப் பொறாமைப்பட்டு, தங்கள் ஆலைகளில் தண்ணீர் டிரம்மையே எடுத்தார்கள். அங்கே மேகம் வரவில்லை, பெண்கள் மயங்கி விழுந்தார்கள். விசுவாசம் போதவில்லை என்று விளக்கம் சொல்லப்பட்டது.

முதல் தாரகை தவமணி. போட்டோவில் உதடு வெடித்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். அந்தச் சிரிப்பு காய்வதற்குள் ஒருநாள் மிஷினுக்கு நடுவே விலாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே மடங்கி உட்கார்ந்தாள். ரெஜினாதான் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "கல்லு இருக்கு. கிட்னி வீங்கியிருக்கு. தண்ணியே குடிக்கிறதில்லையா நீ?" என்று கேட்டார்.

"குடிக்காததுக்குப் பரிசு வாங்கியிருக்கேன் டாக்டர்" என்றாள் தவமணி.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இங்க பாரு. இந்த மாத்திரை கல்லு இறங்குறதுக்கு. ஆனா தண்ணி குடிச்சாத்தான் இறங்கும். குடிச்சுக்கிட்டே இருக்கணும், வந்தா உடனே போயிரணும், அடக்கவே கூடாது. இல்லேன்னா அந்தக் கிட்னிய மறந்துரு. புரியுதா?"

புரிந்தது. புரிந்து என்ன? தவமணியின் புருஷன் லாரி கவிழ்ந்து இடுப்பு ஒடிந்து கட்டிலில் கிடந்தான். வீட்டில் உலை கொதிப்பது அவள் சம்பளத்தில். கிட்னி வேண்டுமென்றால் வேலை போகும், வேலை வேண்டுமென்றால் கிட்னி போகும். அவள் பரிசாக வாங்கிய பாட்டிலிலேயே தண்ணீர் நிரப்பி, கழிவுப் பஞ்சுப் பைக்குள் ஒளித்து எடுத்துப் போய், மிஷின் மறைவில் குனிந்து குனிந்து குடித்தாள். அவள் குடிக்கக் குடிக்க, அவள் தலைக்கு மேலே மட்டும் மேகத்தில் ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டை வழியாகத் தகரம் தெரிந்தது. தகரத்தின் சூடு இறங்கி, அவள் மிஷினில் மட்டும் இழை பட்பட்டென்று அறுந்தது.

குழந்தைவேலு ஓட்டையைப் பார்த்தார், ஓட்டைக்குக் கீழே தவமணியைப் பார்த்தார், பஞ்சுப் பைக்குள் கையை விட்டார். "அடிப்பாவி, போட்டோ போட்டு மாலை போடாத குறையாத் தூக்கி வச்சோமே! திருட்டுத்தனமாத் தண்ணி குடிக்கிறியா?"

"சார், கிட்னி சார்."

"எல்லாருக்குந்தான் கிட்னி இருக்கு. எனக்கு ரெண்டு இருக்கு, நான் குடிக்கிறனா?" குடித்துக்கொண்டிருந்தார்; மேசைமேல் டம்ளர் இருந்தது.

சஞ்சனா அவளைக் கூப்பிட்டு, சோபாவில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். நான் இருபுறமும் விசாரித்து எழுதுகிறவன். சஞ்சனா உண்மையாகவே கண் கலங்கினாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"தவமணி, நீங்கல்லாம் எங்க ஃபேமிலி. ஃபேமிலியில ஒருத்தர் மட்டும் தண்ணி குடிச்சா மத்தவங்க ஃபீல் பண்ணமாட்டாங்களா?"

"மத்தவங்களையும் குடிக்கச் சொல்லுங்க மேடம்."

"அதெப்படி? மேகத்தை யோசிச்சுப் பாருங்க. அது நம்ம எல்லாரோட அச்சீவ்மென்ட். தாகம்ங்கிறது மனசுல இருக்கு தவமணி. கண்ணை மூடி, ஒரு நதி ஓடுறதா நினைச்சுக்கோங்க."

தவமணி கண்ணை மூடினாள். நதி ஓடியது. "மேடம், டோக்கன் குடுங்க, அவசரம்" என்றாள்.

மறுநாள் டிரம் எடுக்கப்பட்டது. கேட்டில் காவலாளி பெண்களின் பைகளைத் தடவிப் பாட்டில் தேடினான். முதலாளி கையெழுத்தோடு தவமணிக்கு மெமோ வந்தது: ஆலைச் சொத்தான மேகத்துக்குத் தெரிந்தே சேதம் விளைவித்ததால், திங்கட்கிழமைக்குள் தண்ணீர் குடிப்பதை நிறுத்த வேண்டும், அல்லது தானாக விரும்பி விலகிக்கொள்ள வேண்டும். விருப்பம் அவளுடையது. எங்கள் நாட்டில் தொழிலாளிக்கு விருப்பச் சுதந்திரம் எப்போதும் உண்டு.

அன்று வேனில் வீடு திரும்பினார்கள். தவமணி சன்னலில் தலையைச் சாய்த்து, விலாவை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரெஜினாதான் பேச்சை ஆரம்பித்தாள்.

"இவ ஒருத்தி குடிச்சதுக்கு ஓட்டை விழுந்துச்சு. எல்லாரும் குடிச்சா?"

"எல்லாருக்கும் மெமோ வரும்" என்றாள் பின்சீட்டுக்காரி.

"எல்லாருக்கும் மெமோ குடுத்துட்டு இழையை யாரு ஒட்டுவா, குழந்தைவேலு பொண்டாட்டியா?"

"பாட்டில்தான் உள்ள விடமாட்டானே, கேட்டுல தடவுறானே, கட்டையில போறவன்."

"பாட்டிலைத்தானடி தடவுவான்? வயித்துலயே கொண்டுபோ."

வேன் சிரித்தது. ஓட்டுகிற ஆள்கூடச் சிரித்தான். தவமணி மட்டும் திரும்பி, "எனக்காக யாரும் வேலைய விட்றாதீங்கடி" என்றாள். "உனக்காக யாரு குடிக்கப் போறா? எனக்கு நாக்கு வறண்டு எத்தனையோ நாளாச்சு" என்றாள் ரெஜினா.

திங்கட்கிழமை காலையில் கேட்டுக்கு எதிரே டீக்கடை அடிபம்பில் அத்தனை பெண்களும் வரிசையாக நின்று, கையை ஏந்தி, மூச்சு வாங்கி வாங்கிக் குடித்தார்கள். ஆலை விடுதியில் தங்கியிருந்த பெண்கள் விடுதிக் குழாயில் குடித்தார்கள். ஏப்பம் விட்டுக்கொண்டு, வயிறு கடகடக்க, ஷெட்டுக்குள் வந்து வேலையை ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் முதல் ஆள் குழந்தைவேலுவின் மேசைக்கு முன்னால் போய், "சார், டோக்கன்" என்றாள். டோக்கனை வாங்கிக்கொண்டு போனாள். அடுத்தவள் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் அடுத்தவள். விதி என்ன? டோக்கன் வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தார்கள். மேசையிலிருந்து கிளம்பிய வரிசை மிஷின்களைச் சுற்றி, டிரம் இருந்த மூலையைத் தொட்டு, வாசலைத் தாண்டி, கேன்டீன்வரை போனது. ஒருத்தியும் கோஷம் போடவில்லை, ஒருத்தியும் கையை உயர்த்தவில்லை. கையை உயர்த்துகிற நிலைமையில் யாரும் இல்லை.

மேலே மேகம் இளைத்தது. முதலில் ஓரம் கிழிந்தது, பிறகு நடுவில் வெளுத்தது, பிறகு அடுப்பில் வைத்த ஈரத்துணியிலிருந்து எழும் ஆவிபோல ஓர் இழை மட்டும் நின்றது, அதுவும் போனது. தகரத்தின் சூடு மொத்தமாக இறங்கியது. ஒரு மிஷினில் அறுந்த இழை அடுத்த மிஷினில் அறுந்தது, எல்லாவற்றிலும் அறுந்தது. ஒட்ட வேண்டிய கைகள் எல்லாம் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு விதிப்படி வரிசையில் நின்றன. பஞ்சு பனிபோலக் கொட்டியது. குழந்தைவேலு வரிசைக்கு நெடுக ஓடினார். "அம்மா, தாயே, போய் மிஷினைப் பாருங்கம்மா!" "டோக்கன் வரட்டும் சார்." "டோக்கன் இல்லாமயே போங்கம்மா!" "விதின்னு ஒண்ணு இருக்குல்ல சார்" என்றாள் ரெஜினா.

இது சங்கம் தூண்டிவிட்ட சதி என்று முதலாளி போலீசுக்கு எழுதினார். எங்களுக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் சங்கத்துக்காரர்கள் நாங்கள் அன்றைக்குக் கலெக்டர் ஆபீஸ் வாசலில், வேறொரு கோரிக்கைக்காக, சோறும் தண்ணீரும் இல்லாமல் உண்ணாவிரதத்தில் உட்கார்ந்திருந்தோம். செய்தி எட்டியதும் நாங்கள் மிக விரிவான கோரிக்கைப் பட்டியல் ஒன்றை எழுதிக் கொடுத்தனுப்பினோம். பெண்கள் அதை மடித்து வைத்துக்கொண்டு, ஒரே ஒரு கோரிக்கையைச் சொன்னார்கள்: தண்ணீர் வைக்க வேண்டும், போக வேண்டியபோது யாரிடமும் கேட்காமல் போவோம். அதை இரண்டாகப் பிரித்து ஒன்றைத் தரலாமா என்று முதலாளி கேட்டார். எதைக் கொடுத்தாலும் இன்னொன்று கூடவே வரும் என்று தவமணி விளக்கினாள்.

முதலாளி மூன்றாம் நாள் இறங்கினார். மருமகனிடமிருந்து ஈரப்பத மிஷினைத் திரும்ப வாங்கினார். மருமகன் அவரிடமே கற்றவன், விற்ற விலைக்கு வாங்க விடவில்லை. டிரம் வந்தது, பஞ்சு விழாத மூடியோடு. டோக்கன் ஆணி பிடுங்கப்பட்டது. தவமணியின் மெமோ திரும்பப் பெறப்பட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, போக வேண்டியபோது போய் வந்த பெண்கள் மயங்காமல், தலை சுற்றாமல் வேலை பார்த்ததில் நூல் முன்னைவிடக் கூடுதலாக வந்தது. இதை முதலில் கண்டுபிடித்தவர் முதலாளி. கண்டுபிடித்த கையோடு சஞ்சனா ஒரு அறிக்கை எழுத, தொழிலதிபர்களின் கூட்டமைப்பு ஒன்று 'தாகம் தீர்த்த ஆலை' என்று அந்த ஆலைக்குக் கேடயம் அறிவித்தது. மனிதனுக்குத் தண்ணீர் தேவை என்ற உண்மை இப்படித்தான் நிர்வாகவியலுக்கு வந்து சேர்ந்தது.

விழா கேன்டீனில் நடந்தது. சென்னையிலிருந்து சிறப்பு விருந்தினர், கோட்டும் சூட்டும். குழந்தைவேலு எல்லோருக்கும் ஓடி ஓடித் தண்ணீர் கொடுத்தார். முதலாளி கேடயத்தைக் கையில் வாங்கி, என் பிள்ளைகள் என்று பெண்களைக் காட்டினார். பயனாளிகள் சார்பில் இரண்டு வார்த்தை பேசத் தவமணியை அழைத்தாள் சஞ்சனா. பேசவேண்டிய இரண்டு வார்த்தைகளும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தன.

தவமணி மேடையேறினாள். மைக்கைப் பிடித்தாள். முகம் சுருங்கியது, உதட்டைக் கடித்தாள், தாளை மேசையில் வைத்துவிட்டு யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் இறங்கி நடந்தாள். "எங்க போறா?" என்றார் முதலாளி, மைக்கில். "வந்துருவா சார், ஒண்ணுக்குப் போறா" என்று கூட்டத்திலிருந்து ரெஜினா கத்தினாள். மேடை காத்திருந்தது. சிறப்பு விருந்தினர் கடிகாரத்தைப் பார்த்தார். முதலாளி குழந்தைவேலுவைப் பார்த்தார். குழந்தைவேலு எழுந்தார், போகிற பக்கம் தெரியாமல் உட்கார்ந்தார். போட்டோக்காரன் கேமராவை இறக்கிவிட்டான். பெண்கள் ஒருவரும் அசையவில்லை. அவர்களுக்கு ஒரு அவசரமும் இல்லை.

அவள் வரும்போது முகம் கழுவியிருந்தாள். பிரசவித்தவள் மாதிரி வெளுத்து, களைத்து, நிமிர்ந்து வந்தாள். மேடையேறி, மூடியிருந்த கையைச் சிறப்பு விருந்தினருக்கு முன்னால், கேடயம் வைத்திருந்த வெள்ளித் தட்டில் திறந்தாள். கடலைப் பருப்பைவிடச் சிறிய, பழுப்பான, முள்முள்ளான ஒரு பொருள் கிணுக்கென்று விழுந்தது.

சிறப்பு விருந்தினர் நாகரிகமான மனிதர். நினைவுப் பரிசு என்று நினைத்து அதை இரண்டு விரலால் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அழகா இருக்கேம்மா. இங்கயே பண்றீங்களா?"

"ஆமா சார்" என்றாள் தவமணி. "முழுக்க முழுக்க இந்த ஆலையிலதான் பண்ணுனது. இன்னும் நெறைய பேர்கிட்ட சரக்கு இருக்கு."